ஆறு கட்டில், ஆறு புட்டி

ஹாஜிரா பீ படியேறி வந்த வேகத்தில், வாசலில் கிடந்த வலியுல்லா சாகிபின் செருப்புகளில் ஒன்று சாக்கடையில் போய் விழுந்தது. அந்த அம்மாள் அதைக் கவனிக்கவில்லை. கவனித்த வெள்ளைத்துரை எடுக்கப் போகவில்லை. வழக்கு ஒன்று வாசல் தேடி வந்திருக்கும்போது செருப்பைப் பற்றி யார் நினைப்பார்கள்?

1944-ஆம் வருஷம், மே மாதம். காலை எட்டு மணிக்கே மயிலாப்பூர் கச்சேரி ரோடு கொதித்துக்கொண்டிருந்தது. வலியுல்லா சாகிப் சர்க்கார் ரசாயனப் பரிசோதனைச் சாலையில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். யார் யாரோ பாலிலும் பாயசத்திலும் கலந்து கொடுத்ததையெல்லாம் கண்ணாடிக் குழாயில் ஊற்றிப் பார்த்துப் பார்த்து, எதற்கும் அவசரப்படாத குணம் அவருக்கு வந்துவிட்டிருந்தது. வெள்ளைத்துரை நேர்மாறு. தியாகராய நகரில் துணிக்கடை வைத்திருக்கும் திருநெல்வேலிக்காரர். யுத்தகாலத் துணிக் கட்டுப்பாடு வந்த பிறகு அவர் கடையில் அலமாரிகளைத் தவிர வேறு சரக்கு அதிகம் இல்லை. அதனால் தினமும் பஸ் பிடித்து மயிலாப்பூர் வந்து, சாகிப் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, ஊரில் ஏதாவது குற்றம் நடக்காதா என்று காத்திருப்பார். நாற்பது வயது மனிதர் செய்கிற காரியமா இது என்று அவர் மனைவி கேட்பதுண்டு.

"பாய் சாப், எங்க வீட்டுக்காரரை ஆஸ்பத்திரி மருந்து ரூமுலயே வச்சுப் பூட்டிட்டாங்கோ," என்றாள் ஹாஜிரா பீ. "ஒரு மணிக்குக் கமிட்டி கூடுதாம். அது முடிஞ்சதும் போலீஸைக் கூப்பிடுவாங்களாம்."

அவள் கணவர் அப்துல் கஃபார், லஸ் முனைக்குப் பக்கத்தில் இருந்த ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் பதினெட்டு வருஷமாகக் கம்பவுண்டர். டாக்டர் எழுதிக் கொடுக்கும் மருந்தை அளந்து கலந்து புட்டியில் நிரப்புகிறவர் அவர்தான்.

"என்ன செய்தார் என்கிறார்கள்?" என்று கேட்டார் சாகிப்.

"கொயினாவைத் திருடி வெளியில வித்துட்டு, வேற மருந்தைக் கலந்து வச்சாருன்னு சொல்றாங்கோ. கொட்டிவாக்கத்து ஆளு ஒருத்தரு, முனிரத்தினம்னு பேரு, நேத்து மூச்சு நின்னு போற மாதிரி ஆயிட்டாராம்."

வெள்ளைத்துரை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். மருந்துப் பட்டை விளைகிற ஜாவாத் தீவு ஜப்பான்காரன் கைக்குப் போனதிலிருந்து மலேரியாக் காய்ச்சலுக்குக் கொடுக்கிற கொயினா கண்ணில் காண்பதே அரிதாகிவிட்டது. அதைத் திருடுகிறவன் இருப்பான் என்று நம்புவதில் யாருக்கும் கஷ்டமில்லை.

"திருடன்னு சொன்னாக்கூட தாங்கிக்குவாரு," என்றாள் ஹாஜிரா பீ. அதுவரை வேகமாக வந்த குரல் இங்கே தடுமாறியது. "வார்டுல ஆறு பேரு. அதுல ஒருத்தருதான் நம்மவரு, காதர்னு வண்டிக்காரரு. அவருக்கு மட்டும் மருந்து நல்லா வேலை செஞ்சிருக்கு. தன் ஆளுக்கு நல்ல மருந்து, மத்தவங்களுக்கு விஷம்னு பேசறாங்கோ. பதினெட்டு வருஷம் அவுரு கையால கலந்ததைக் குடிச்சவங்க, பாய் சாப்."

அந்த வருஷங்களில் அப்படி ஒரு பேச்சு ஒரு வார்டிலிருந்து தெருவுக்கு வர ஒரு பகல் போதும் என்று சாகிபுக்குத் தெரியும்.

"கதவைப் பூட்டும்போது உன் வீட்டுக்காரர் என்னம்மா சொன்னார்?"

"வார்டுல இருக்கிற ஆறு புட்டியையும் யாரும் கொட்டிடாதீங்கன்னு சொன்னாரு. வேற ஒண்ணும் பேசல."

"தப்பாக் கலந்தவன் முதல்ல கொட்டத்தான் பாப்பான். போகலாம், அண்ணாச்சி," என்று சாகிப் எழுந்தார். சாக்கடையிலிருந்து செருப்பை எடுத்து, குழாயடியில் கழுவி, ஈரத்தோடு மாட்டிக்கொண்டார். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட நேரத்தில் வெள்ளைத்துரை தெருமுனைக்குப் போய்த் திரும்பி வந்துவிட்டார்.

*

டாக்டர் சௌந்தரவரதன் சீமையில் படித்தவர், நல்லவர், பிடிவாதக்காரர். முந்தின நாள் மாலையிலிருந்து அவர் முனிரத்தினத்தின் கட்டிலை விட்டு அதிகம் நகரவில்லை என்பது கண்களில் தெரிந்தது. சாகிபோடு அவருக்குப் பழைய பழக்கம்.

"நீங்க வந்தது நல்லதாப் போச்சு. ஆனா எனக்குச் சந்தேகமே இல்லை, சாயபு. என்ன நடந்ததுன்னு சொல்றேன், கேளுங்கோ," என்று ஆரம்பித்தார்.

கொயினாவுக்குப் பதிலாக மெப்பாக்ரின் என்று ஒரு மருந்து வந்திருக்கிறது. பட்டாளத்துக்காரர்களுக்கு அதுதான். அது நம் ஊர் நோயாளிக்கு எவ்வளவு தூரம் ஒத்துவரும் என்று பதினைந்து நாளாக டாக்டர் சோதித்துக்கொண்டிருந்தார். ஆறு கட்டில்களில் ஒற்றை எண் கட்டில்களுக்கு மெப்பாக்ரின், இரட்டை எண்களுக்குக் கொயினா. எந்த நோயாளி எதைக் குடிக்கிறான் என்று அவனுக்கும் தெரியக் கூடாது, வார்டில் இருப்பவர்களுக்கும் தெரியக் கூடாது. தெரிந்தால் பார்க்கிற பார்வையே மாறிவிடும். ஆகவே மெப்பாக்ரின் மஞ்சளாக இருப்பதால் கொயினாத் தண்ணீருக்கும் மஞ்சள் நிறம் கூட்டி, ஒரே மாதிரிப் புட்டிகளில் ஊற்றி, கட்டில் எண் மட்டும் ஒட்டச் சொன்னார். எதில் எது என்ற ரகசியம் டாக்டருக்கும் கம்பவுண்டருக்கும் மட்டுந்தான்.

"மெப்பாக்ரின் பத்து நாள் சாப்பிட்டா தோல் மஞ்சளாகும். அபாயமில்லை, தானாப் போயிடும். இப்போ யார் மஞ்சளாயிருக்கா தெரியுமோ? ரெண்டாம் கட்டிலும் நாலாம் கட்டிலும். கொயினா சாப்பிட வேண்டியவா." டாக்டர் விரல்விட்டு எண்ணினார். "முனிரத்தினத்துக்குக் கொயினா ஆகவே ஆகாது. முன்னே ஒரு தடவை கொயினா சாப்பிட்டு உயிர் போய்த் திரும்பினவன். சீட்டிலே சிவப்பு மையில் எழுதி, அதுக்காகவே, அஞ்சாம் கட்டில்காரன் வீட்டுக்குப் போனதும் இவனை அங்கே போட்டேன். வந்து மூணு நாள்தான் ஆறது. முதல் நாள் அரிப்பு. மறுநாள் முகம் வீங்கித்து. நேத்து மூச்சே இல்லை. ஊசி போட்டுப் பிழைக்க வச்சிருக்கேன். இன்னொரு வாய் கொயினா உள்ளே போனா என்னாலயும் ஒண்ணும் பண்ண முடியாது."

"அந்தப் புட்டிகள்?"

"என் அலமாரியில பூட்டி வச்சிருக்கேன். இன்னிக்குக் காலம்பர ஆறு புதுப் புட்டியை என் கையாலேயே கலந்து, நானே கொண்டுபோய் அததன் இடத்துல வச்சுட்டேன். மத்தியானத்திலேர்ந்து பயமில்லை."

வெள்ளைத்துரை நிம்மதியாக மூச்சு விட்டார். சாகிப் விடவில்லை. "வார்டைப் பார்க்கலாமா?" என்றார்.

அது கட்டி இரண்டு மாதமே ஆன புது ஹால். பழைய வார்டின் கூரை ஒழுகியதால் பதினைந்து நாளுக்கு முன் நோயாளிகளை இங்கே மாற்றியிருந்தார்கள். தெற்கே வரிசையாக ஜன்னல்கள். காற்று தலையில் அடிக்காமல் காலில் அடிக்க வேண்டும் என்று, தலைமாட்டை வடக்குச் சுவரோடு ஒட்டி ஆறு கட்டில்களையும் போடச் சொன்னவர் டாக்டர். மேற்குக் கோடியில் ஒன்றாம் கட்டில். கிழக்குக் கோடியில் சுவரை ஒட்டினாற்போல ஆறாம் கட்டில். ஒவ்வொரு கட்டிலின் மேற்குப் பக்கமும் ஒரு ஸ்டூல், அதன் மேல் ஒரு மஞ்சள் புட்டி. நோயாளிகள் ஆறு பேரும் டாக்டரைக் கண்டதும் போர்வையை இழுத்து விட்டுக்கொண்டு நேராகப் படுத்திருந்தார்கள்.

"மருந்தை யார் கொடுக்கிறது?"

"ஆயா தாயம்மா. ரெண்டு வேளை, சாப்பாட்டுக்கு அப்புறம். நர்ஸுகள் பாதிப் பேர் பட்டாளத்து ஆஸ்பத்திரிக்குப் போயாச்சு. தாயம்மாவுக்கு எழுத்து தெரியாது. படுத்திருக்கறவாளுக்கும் தெரியாது. அதுக்குத்தான் இங்கே ஒரு விதி வச்சிருக்கேன். அவாவா மருந்து அவாவா வலது கைப் பக்கம். மூணு வருஷமா ஒரு தப்பு நடந்ததில்லை."

கையில் துடைப்பத்தோடு நின்ற தாயம்மா தலையை ஆட்டினாள். "சோத்துக்கைப் பக்கம் கீற புட்டியத்தான் எடுத்து ஊத்துவேன் சார். டாக்டர் ஐயா சொன்னதுக்கு மேல நான் இன்னாத்த பண்ணப் போறேன்?"

சாகிப் ஒவ்வொரு கட்டிலாக நின்றார். இரண்டாம் கட்டிலில் இருந்த ஏகாம்பரத்தின் உள்ளங்கை மஞ்சள் பூசினாற்போல் இருந்தது. நான்காம் கட்டிலும் அப்படியே. ஒன்றாம் கட்டிலிலும் மூன்றாம் கட்டிலிலும் இருந்தவர்களுக்கு மஞ்சள் இல்லை. அவர்களிடம் ஒரு கேள்விதான் கேட்டார்.

"காது எப்படி இருக்கு?"

"காதுக்குள்ள வண்டு பூந்தாப்ல ஙொய்ன்னு கீது சாமி," என்றார் ஒன்றாம் கட்டில்காரர். மூன்றாம் கட்டிலும் அதையே சொன்னது.

டாக்டரின் முகம் சுருங்கியது. காது இரைவது கொயினாவின் அடையாளம். அவர்கள் கொயினா சாப்பிடாதவர்கள் என்ற நினைப்பில் அவர் அதைக் கேட்கவே இல்லை.

ஐந்தாம் கட்டிலில் முனிரத்தினம் கண்ணை மூடிக் கிடந்தார். இரைப்பு இன்னும் நிற்கவில்லை. தரையில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி தங்கம், சாகிபின் தாடியையும் தொப்பியையும் பார்த்துவிட்டு எழுந்து குறுக்கே நின்றாள்.

"அந்தக் கம்பவுண்டருக்கு வேண்டியவரா நீங்க? அந்தாளு தொட்டது எதுவும் இனிமே எங்க ஊட்டுக்காரரு வாயில போவாது. சொல்லிட்டேன்."

"சரிம்மா," என்றார் சாகிப். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அவள் இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். அவர் பார்வை முனிரத்தினத்தின் முகத்திலிருந்து கால் வரை போயிற்று. கால்மாட்டில், பாதம் படுகிற இடத்தில், விரிப்பு எண்ணெய்ப் பிசுக்கேறிக் கறுத்திருந்தது. திரும்பிப் பார்த்தார். நான்காம் கட்டிலிலும் மூன்றாம் கட்டிலிலும் அதே இடத்தில் அதே கறை. காதரின் கட்டிலில் மட்டும் இல்லை.

ஆறாம் கட்டில் காதருக்குக் காய்ச்சல் விட்டு நாலு நாளாயிற்று. காது அவருக்கும் இரைந்தது. குணமானவனின் முகமாக இல்லை அது. "எனக்கு நல்லாச்சுன்னு எல்லாரும் என்னியே மொறைக்கிறாங்க பாய்," என்று சாகிபிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். "நான் இன்னா பண்ணேன்? இந்த ஆஸ்பத்திரியில ஒரே கஷ்டம், பக்கத்துக் கட்டில்காரரு காலுதான். எப்பவும் என் மூஞ்சிக்கு நேரா நீட்டிக்கினு கீறாரு. நோவாளியாச்சேன்னு சும்மா கீறேன்."

*

டாக்டர் அறையில் பழைய புட்டிகள் வரிசையாக இருந்தன. சாகிப் ஆறு தம்ளர் தண்ணீர் கேட்டார். ஒவ்வொன்றிலும் ஒரு புட்டி மருந்தில் சில சொட்டும், நீர்த்த கந்தக அமிலத்தில் சில சொட்டும் விட்டு, ஜன்னல் வெயிலில் வைத்தார். இரண்டு, நான்கு, ஆறு ஆகிய மூன்றில் தண்ணீரின் மேல்விளிம்பில் மெல்லிய நீலம் ஓடியது. மற்ற மூன்றில் இல்லை.

"நீலம் ஓடினால் கொயினா. உங்களுக்கே தெரியும்," என்றார்.

டாக்டர் குனிந்து பார்த்தார். "அப்போ புட்டி எல்லாம் சரியா இருக்கே. ரெண்டாம் நம்பர்ல கொயினாதான் இருக்கு. குடிச்சவன் எப்படி மஞ்சளானான்?"

"ராத்திரியோட ராத்திரியா எவனோ புட்டியை மாத்தி வச்சிட்டு, விடியமுன்னே திருப்பி வச்சிருக்கான். அந்தக் காதரைக் கொஞ்சம் விசாரிக்கணும்லா?" என்றார் வெள்ளைத்துரை. அவருக்கு ஒரு வேஷதாரியாவது இந்த வழக்கில் கிடைத்தால் தேவலை என்றிருந்தது.

"மருந்து கொடுக்கிறது பகல்லயும் சாயங்காலத்திலயும், அண்ணாச்சி," என்று சாகிப் ஒன்றாம் புட்டியைத் தூக்கினார். அது கழுத்து வரை நிறைந்திருந்தது. "இது எப்போது நிரப்பினது?"

"அதுதான் விஷயம்." டாக்டர் மருந்துப் பதிவேட்டைப் புரட்டிக் காட்டினார். "ஒரு புட்டி ஆறு நாளைக்கு வரணும். ஆறாம் நம்பரை மூணு நாளைக்கு ஒரு தரம் நிரப்பியிருக்கான். தன் ஆளுக்கு இரட்டிப்பு. ஒண்ணாம் நம்பரைப் பதினஞ்சு நாளா நிரப்பவே இல்லை. இதுக்கு மேலே என்ன சாட்சி வேணும்?"

"எழுதியிருப்பது யார்?"

"கஃபார்தான்."

சாகிப் அவரை ஒரு முறை பார்த்தார். பிறகு பதிவேட்டை எடுத்துக்கொண்டு மருந்து அறைக்குப் போனார். கதவு பூட்டியிருந்தது. நோயாளிகளுக்கு மருந்து கொடுக்கும் சின்ன ஜன்னலுக்குப் பின்னால் அப்துல் கஃபார் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். இரண்டு பக்கமும் அலமாரி நிறையப் புட்டிகள். பதினெட்டு வருஷமாக அந்த ஜன்னல் வழியே மருந்தை நீட்டியவருக்கு அன்று யாரோ அதன் வழியே ஒரு தம்ளர் தண்ணீர் நீட்டியிருந்தார்கள். அதை அவர் தொடவில்லை.

"ஆறாம் நம்பர் ஏன் சீக்கிரம் தீருதுன்னு எனக்கும் புரியல பாய்," என்றார் கஃபார். "சிந்திட்டாங்களோன்னு நினைச்சேன். நான் வார்டுப் பக்கம் போகக் கூடாதுன்னு டாக்டர் உத்தரவு. போனா எது எந்த மருந்துன்னு என் முகமே காட்டிக் கொடுத்துடும்னாரு. அதனால எழுதி வச்சேன். ரெண்டு தடவை அவர்கிட்ட சொன்னேன். அப்புறம் பாக்கலாம்னாரு."

பின்னால் நின்ற டாக்டருக்கு அது நினைவுக்கு வந்துவிட்டது போலும்.

"ஆறாம் நம்பர் இரண்டு மடங்கு தீர்கிறது. ஒன்றாம் நம்பர் தீரவே இல்லை," என்று சாகிப் தனக்குள் சொல்லிக்கொண்டார். "ஒற்றைப்படைக்காரன் கொயினாவைக் குடிக்கிறான். இரட்டைப்படைக்காரன் மற்றதைக் குடிக்கிறான். கடைசி ஆள் மட்டும்…"

அப்போது ஹாலில் சாப்பாட்டு மணிக்குப் பின் அடிக்கிற இரண்டாவது மணி அடித்தது. மருந்து மணி.

முப்பது வருஷம் அவசரப்படாத மனிதர் ஓடினார். ஈரச் செருப்பு ஒன்று வராந்தாவிலேயே கழன்றுகொண்டது. வெள்ளைத்துரையும் டாக்டரும் ஒன்றும் புரியாமல் பின்னால் ஓடினார்கள்.

ஹாலில் தாயம்மா ஐந்தாம் கட்டிலுக்கு வந்துவிட்டிருந்தாள். தங்கம் கணவனின் தலையைத் தூக்கிப் பிடித்திருந்தாள். மஞ்சள் மருந்து நிறைந்த கண்ணாடிக் கோப்பை அவர் உதட்டில் படுகிற நேரத்தில், சாகிபின் கை அதன் வாயை மூடிற்று. மருந்து அவர் சட்டைக் கையெல்லாம் வழிந்தது.

"இது எந்தப் புட்டி, தாயம்மா?"

"இன்னா சார் இது," என்றாள் அவள், பயந்துபோய். "அவரு சோத்துக்கைப் பக்கத்துப் புட்டிதான். தோ கீது பாரு."

அவள் காட்டிய புட்டியை டாக்டர் கையில் எடுத்தார். அதில் ஆறு என்று அவர் கையாலேயே எழுதி ஒட்டியிருந்தது. கொயினா. டாக்டர் பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

*

முதலில் முனிரத்தினத்தின் உதட்டைத் துடைத்து, வாயைக் கொப்பளிக்கச் செய்தார்கள். ஒரு சொட்டும் உள்ளே போகவில்லை என்று தெரிந்த பிறகுதான் சாகிப் மூச்சு வாங்கினார். இதற்குள் கமிட்டிக் காரியதரிசியும் வந்து வாசலில் நின்றார். போலீஸுக்குக் கொடுக்க வேண்டிய கடிதம் அவர் பையில் தயாராக இருந்தது.

"இந்தப் புட்டியைக் கலந்தது கம்பவுண்டர் இல்லை," என்றார் சாகிப் அவரைப் பார்த்து. "இன்று காலை டாக்டர் தாமே கலந்து, தாமே கொண்டுவந்து வைத்தது. கஃபார் அப்போது பூட்டின அறைக்குள் இருந்தார். ஆனாலும் கொயினா ஆகாதவர் வாய்க்குக் கொயினாதான் வந்தது. நான் இன்னும் நாலு அடி மெதுவாக நடந்திருந்தால், சாயங்காலம் நீங்கள் யாரைப் பிடித்துக் கொடுத்திருப்பீர்கள்?"

காரியதரிசி டாக்டரைப் பார்த்தார். டாக்டர் தரையைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, ஒரு உபகாரம்." சாகிப் ஒன்றாம் கட்டில்காரரை எழுந்து நிற்கச் சொல்லி, தலையணையைச் சுவர்ப் பக்கம் மாற்றி வைத்தார். "இதில் கொஞ்சம் படுத்துக் காட்டுங்கள்."

வெள்ளைத்துரை உற்சாகமாகக் கட்டிலுக்குப் போனார். தலையணை எங்கே என்று பார்த்து, அதை எடுத்து ஜன்னல் பக்கம் போட்டுக்கொண்டு, தெற்கே தலைவைத்துக் காலை வடக்குச் சுவர்ப் பக்கம் நீட்டிப் படுத்தார்.

"ஏன் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தீர்கள்?"

"பின்ன? வடக்க தலை வைக்கவா சொல்லுதிய? வடக்க தலை வச்சா ஆயுசு கொறையும்னுல்லா சொல்லுவாவ," என்றார் வெள்ளைத்துரை படுத்தபடியே. பிறகுதான் அவருக்கு உறைத்தது. தலையை மட்டும் தூக்கி வரிசையைப் பார்த்தார். ஏகாம்பரத்தின் தலை தெற்கே. மூன்றாம், நான்காம், ஐந்தாம் கட்டில்களில் தலை தெற்கே. காதரின் தலை மட்டும் வடக்கே.

"டாக்டர் இருக்கும்போது எல்லாரும் சுவர்ப் பக்கம் தலை வைத்து ஒழுங்காகப் படுத்திருப்பார்கள். அவர் அந்தண்டை போனதும் திரும்பிவிடுவார்கள். இன்று அவர் ஓடி வந்த வேகத்தில் யாருக்கும் சுவர்ப் பக்கம் மாற நேரமில்லை. இந்த ஐந்து கட்டிலிலும் கால் படுகிற இடத்தில் தலையெண்ணெய்க் கறை இருக்கிறது. காலுக்கு யார் எண்ணெய் தேய்க்கிறார்கள் என்றுதான் காலையிலிருந்து எனக்கு யோசனை," என்றார் சாகிப். "இப்போது வலது கையை நீட்டுங்கள், அண்ணாச்சி."

வெள்ளைத்துரை வலது கையை நீட்டினார். அது ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவிலிருந்த ஸ்டூலில், இரண்டாம் புட்டியின் மேல் பட்டது. ஒன்றாம் புட்டி அவருடைய இடது பக்கம், யாரும் தொடாமல் நிறைந்து நின்றது.

"திரும்பிப் படுத்தால் வலது கையும் திரும்பிவிடுகிறது. ஒன்று இரண்டைக் குடிக்கிறது. இரண்டு மூன்றைக் குடிக்கிறது. ஒன்றுவிட்டு ஒன்று மருந்து மாற்றி வைத்திருப்பதால், வரிசை முழுக்கத் தலைகீழாகிவிட்டது. ஐந்தாம் கட்டிலின் வலது பக்கம் இருப்பது காதரின் புட்டி. காதர் திரும்பவில்லை. ஆகவே அவருக்கும் அதே புட்டிதான். ஒரு புட்டியை இரண்டு பேர் குடித்தால் பாதி நாளில் தீராமல் என்ன செய்யும்?"

"நான் ஏன் பாய் திரும்பணும்?" என்றார் காதர். "வடக்கால தலை வச்சு வலப்பக்கமா ஒருக்களிச்சா மூஞ்சி மேற்கே, நாங்க தொழுவுற கிப்லா பக்கம் பாக்கும். அதான் எங்களுக்கு நல்லது."

"ரெண்டு பேருக்கும் ஒரே புட்டிய ஊத்தறமேன்னு எனக்கே தோணிச்சு," என்று தாயம்மா மெல்லச் சொன்னாள். "பளைய வார்டுல அப்படி இல்ல. ஆனா சோத்துக்கைன்னு ஐயா சொல்லிட்டாரு. நான் போய்க் கேட்டா, ஒனுக்கு இன்னா தெரியும்னு திட்டுவாருன்னு வுட்டுட்டேன்."

பழைய வார்டில் எல்லாரும் கிழக்கே தலை வைத்துப் படுத்திருந்தார்கள். அங்கே யாருக்கும் திரும்ப வேண்டிய தேவை இல்லை. மூன்று வருஷமாகத் தவறாத விதி, கட்டிலைத் திருப்பிப் போட்ட அன்றைக்கே தவறிவிட்டது.

"காற்றோட்டத்தை நினைச்சேன்," என்றார் டாக்டர். "இவா இப்படித் திரும்பிப் படுப்பான்னு யார் கண்டா?"

"உங்க ஆத்தில நீங்க எந்தப் பக்கம் தலை வைத்துப் படுப்பீர்கள்?"

"கிழக்கே," என்றார் டாக்டர். எழுந்து, காரியதரிசியிடமிருந்து கடிதத்தை வாங்கி இரண்டாகக் கிழித்தார். பிறகு சாவியை எடுத்துக்கொண்டு மருந்து அறைக்குத் தாமே போனார். அங்கே இரண்டு பேரும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. திரும்பி வந்தபோது டாக்டரின் கண் சிவந்திருந்தது. கஃபார் வழக்கம்போல் சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருந்தார்.

பதினைந்து நாளுக்குப் பின் முதல் தடவையாக வார்டுக்குள் வந்த கஃபார், யாரிடமும் ஒரு வார்த்தை நியாயம் கேட்கவில்லை. ஆறு புட்டிகளையும் வரிசையாகப் பார்த்துவிட்டு வெள்ளைத்துரையிடம் வந்தார்.

"அண்ணாச்சி, உங்க கடையில கலர்த் துணி வெட்டுத் துண்டு இருக்குமா? ஆறு கலர் வேணும்."

"கட்டுப்பாட்டுக்காரன் அதை மட்டுந்தான் விட்டுவச்சிருக்கான்," என்றார் வெள்ளைத்துரை. ஜிப்பாப் பையிலிருந்து வாடிக்கைக்காரருக்குக் காட்டும் மாதிரித் துண்டுக் கட்டை எடுத்து, அங்கேயே பல்லால் கிழித்துக் கொடுத்தார்.

கஃபார் ஒவ்வொரு நிறத்திலும் இரண்டு கீற்று எடுத்தார். ஒன்றைப் புட்டியின் கழுத்தில் கட்டினார், இன்னொன்றை அதைக் குடிக்க வேண்டியவரின் மணிக்கட்டில். "இனிமே கட்டிலைப் பாக்காதே தாயம்மா, பக்கத்தையும் பாக்காதே," என்றார். "புட்டியில என்ன கலரோ, கையில அதே கலர் இருக்கா? இருந்தா ஊத்து. இல்லைன்னா யார் சொன்னாலும் ஊத்தாதே. சந்தேகமா இருந்தா என்னாண்ட வந்து கேளு. நான் திட்டமாட்டேன்."

ஐந்தாம் கட்டிலுக்கு வந்தபோது அவர் நின்றார். தங்கம் இன்னும் குறுக்கேதான் நின்றாள். சிவப்புத் துண்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல், அவற்றைத் தாயம்மாவிடம் நீட்டினார்.

தங்கம் நகர்ந்து வழிவிட்டாள். "நான் வாய்க்கு வந்ததெல்லாம் பேசிட்டேன், அண்ணாத்தே," என்றாள். "மனசுல வச்சுக்காத. நீயே கட்டு. மருந்தும் நீயே உன் கையால குடு."

கஃபார் முனிரத்தினத்தின் மணிக்கட்டில் சிவப்புத் துண்டைக் கட்டி முடிச்சை ஒரு முறை இழுத்துப் பார்த்தார். ஐந்தாம் புட்டியை எடுத்துக் குலுக்கி, வெளிச்சத்தில் பிடித்து, கோடு வரை அளந்து ஊற்றினார். டாக்டர் பக்கத்தில் நிற்பதை அப்போதுதான் கவனித்த முனிரத்தினம், சிரமப்பட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பப் பார்த்தார்.

"வேண்டாம்ப்பா. அப்படியே படுத்துக்கோ," என்றார் டாக்டர்.

முனிரத்தினம் தெற்கே தலை வைத்தபடியே, கஃபார் கையிலிருந்து தம் மருந்தைக் குடித்தார்.